காந்தமின் கலப்பு செராமிக்: முதல் வில்லையிலிருந்து நம்பகமான முதல் அளவீடு வரை

காந்தப்புலத்தில் வைத்தால் மின்னழுத்தம் தரும் ஒரு செராமிக் வில்லையை நீங்களே செய்து, நீங்களே அளந்து பார்க்கப் போகிறீர்களா? அப்படியென்றால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வில்லையைச் செய்வது இதில் பாதி வேலைகூட இல்லை. கருவியில் தெரியும் மில்லிவோல்ட் உண்மையிலேயே வில்லைக்குள்ளிருந்துதான் வருகிறதா என்று உறுதிசெய்வதுதான் பெரிய வேலை. புதிதாக வருபவர்கள் பலர் பொடி, உலை, எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) என்று மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, அளவீட்டை ஒரே பிற்பகலில் முடித்துவிடுகிறார்கள். நீங்கள் அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். அளக்கும் அமைப்பை முதலில் தயார் செய்து, அதை நம்பலாம் என்று தெரிந்த பிறகு உலையைப் பற்றவைத்தால் போதும்.

அடிப்படைப் படம்

ஒரு பொருளில் காந்தப்புலத்தால் மின்முனைவு மாறினால், அல்லது மின்புலத்தால் காந்தமாக்கம் மாறினால், அது காந்தமின் பிணைப்பு. 1894-லேயே பியர் கியூரி இப்படி ஒன்று இருக்கலாம் என்று சமச்சீர் அடிப்படையில் சொல்லிவிட்டார். 1959-ல் ஜியாலோஷின்ஸ்கி குரோமியம் ஆக்சைடில் இது இருக்கும் என்று கணித்தார், அடுத்த ஆண்டே அஸ்ட்ரோவ் அதை அளந்து காட்டினார். ஆனால் அந்த விளைவு மிகச் சிறியது. மல்டிஃபெரோயிக் என்ற பெயர் 1994-ல் ஹான்ஸ் ஷ்மிட் வைத்தது. ஒரே படிகத்தில் ஃபெர்ரோ மின்தன்மையும் (வெளி மின்புலம் இல்லாமலே நிற்கும், புலத்தால் திருப்பக்கூடிய மின்முனைவு) காந்த ஒழுங்கும் சேர்ந்திருப்பதைக் குறிக்க வந்த பெயர் அது. அறைவெப்பநிலையில் இரண்டும் உள்ள ஒற்றைப் பொருள் என்றால் எல்லோரும் உடனே சொல்வது பிஸ்மத் ஃபெரைட், அதற்கப்புறம் பட்டியல் சீக்கிரமே மெலிந்துவிடும்.

கலப்புப் பொருள்கள் இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போகின்றன. 1972-ல் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தின் வான் சுக்டெலன் முன்வைத்த யோசனை எளிமையானது: காந்தப்புலத்தில் நீளமோ சுருக்கமோ அடையும் ஒரு பொருள், அழுத்தினால் மின்னூட்டம் தரும் இன்னொரு பொருள், இரண்டையும் இறுகப் பிணைத்துவிடுங்கள். காந்தப்புலம் முதல் பொருளைத் திரிக்கும், அந்தத் திரிபு இரண்டாவதற்குக் கடந்து போகும், அங்கே மின்னழுத்தம் பிறக்கும். தனித்தனியாக எடுத்தால் இரண்டு பொருளிலுமே காந்தமின் விளைவு கிடையாது, சேர்த்தால் உண்டு. சில ஆண்டுகளிலேயே அதே குழு பேரியம் டைட்டனேட்டும் கோபால்ட் ஃபெரைட்டும் கலந்த உருகலைத் திசைப்படி உறையவைத்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு, ஒரு ஓர்ஸ்டெட் (காந்தப்புலத்தின் அலகு) புலத்துக்கு சுமார் 130 மில்லிவோல்ட் எடுத்தது. குரோமியம் ஆக்சைடில் கிடைப்பதைவிட இது பல மடங்கு.

இதிலிருந்து நீங்கள் மனதில் நிறுத்த வேண்டியது, இங்கே நடுவில் ஓடுகிற சரக்கு திரிபு என்பதுதான். இனி வரும் ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. திரிபு எங்கே தொலைகிறது? பிறந்த மின்னூட்டம் எங்கே கசிகிறது? நல்ல வில்லைக்கும் மோசமான வில்லைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம். காந்தத்திரிபு, புலம் பூஜ்ஜியத்தை ஒட்டியிருக்கும்போது புலத்தின் வர்க்கத்தைப் போலத்தான் ஏறும். அதாவது அங்கே சரிவு பூஜ்ஜியம். புலம் அதிகமாகிச் செறிவடைந்த பிறகும் சரிவு பூஜ்ஜியம்தான். நடுவில் எங்கேயோ சரிவு உச்சத்தில் இருக்கும். அதனால்தான் மாறாத ஒரு காந்தப்புலத்தைப் பின்னணியில் வைத்து, அதன் மேல் சின்னதாக ஒரு மாறுதிசைப் புலத்தை ஏற்றி அளக்கிறோம். பின்னணிப் புலம் இல்லாமல் அளந்துவிட்டு எதுவும் வரவில்லை என்று வில்லையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஜோடியைத் தேர்ந்தெடுப்பது

மின் பக்கத்துக்கு இரண்டு பெரிய பெயர்கள்: பிஇசட்டி (காரீய சிர்க்கோனேட் டைட்டனேட்), பேரியம் டைட்டனேட். பிஇசட்டி-யின் பீசோ திறன் (அழுத்தினால் மின்னூட்டம் தரும் திறன்) அதிகம், கியூரி வெப்பநிலையும் (அதைத் தாண்டினால் ஃபெர்ரோ மின்தன்மையோ காந்த ஒழுங்கோ போய்விடும்) வகையைப் பொறுத்து 350 டிகிரியை ஒட்டி வரும், ஆனால் அதில் காரீயம் இருக்கிறது. 1,000 டிகிரிக்கு மேல் காரீய ஆக்சைடு ஆவியாகிப் போகும், அதைக் கட்டுப்படுத்த மூடிய கிண்ணம், கூடுதல் காரீயம், நல்ல புகைபோக்கி எல்லாம் வேண்டும். பேரியம் டைட்டனேட் பலம் குறைவு, சுமார் 120 டிகிரியிலேயே ஃபெர்ரோ மின்தன்மையை இழந்துவிடும். இருந்தாலும் முதல் முயற்சிக்கு நான் இதைத்தான் சொல்வேன். காரீயத்தோடு மல்லுக்கட்டாமல் மற்றதைக் கற்றுக்கொள்ளலாம், அந்தக் குறைந்த கியூரி வெப்பநிலையும் பின்னால் ஒரு சோதனைக்கு மிகவும் கைகொடுக்கும்.

காந்தப் பக்கத்துக்கு கோபால்ட் ஃபெரைட் அல்லது நிக்கல் ஃபெரைட். கோபால்ட் ஃபெரைட்டின் காந்தத்திரிபு ஃபெரைட்டுகளிலேயே பெரியது, பல்படிக நிலையிலும் பத்து லட்சத்தில் நூறுக்கு மேல் போகும். ஆனால் அது காந்தரீதியில் கடினமானது, உச்சம் வர ஆயிரக்கணக்கான ஓர்ஸ்டெட் பின்னணிப் புலம் தேவைப்படும். நிக்கல் ஃபெரைட்டின் திரிபு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் மென்மையானது, குறைந்த புலத்திலேயே வேலை செய்யும். நமக்கு வேண்டியது மொத்தத் திரிபு அல்ல, திரிபின் சரிவு. அதனால் நிக்கல் ஃபெரைட் பல சமயம் கோபால்ட் ஃபெரைட்டைத் தோற்கடிக்கும். மின்காந்தம் இல்லாமல் நிலைகாந்தங்களை வைத்துத்தான் அளக்கப் போகிறீர்கள் என்றால் நிக்கல் பக்கம் போங்கள்.

எப்படி அடுக்குவது

இரண்டு கட்டங்களும், அதாவது கலப்பில் உள்ள இரண்டு பொருள்களும், எப்படித் தொடர்ந்து இருக்கின்றன என்பதை எண்களால் குறிப்பார்கள். ஒன்று துகள்களாக இன்னொன்றுக்குள் புதைந்திருந்தால் 0-3. தட்டுகளாக மாறிமாறி அடுக்கினால் 2-2. கம்பிகளாக ஒன்று இன்னொன்றின் ஊடே நின்றால் 1-3. செய்வதற்கு எளிது 0-3, கையாளத் தொல்லை பிடித்ததும் அதுதான். ஃபெரைட் துகள்கள் அதிகமானால் ஒன்றையொன்று தொட்டு வில்லையின் ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்கு மின்பாதை போட்டுவிடும். அப்புறம் போலிங் (மின்புலம் கொடுத்து மின்முனைவை ஒரே திசையில் நிறுத்துவது) செய்ய மின்னழுத்தமும் தாங்காது, பிறந்த மின்னூட்டமும் தங்காது. 2-2 அமைப்பில் பீசோ தட்டு முழுத் தடுப்பாக நிற்பதால் இந்தக் கசிவு அடிபட்டுப் போகிறது. ஆகவேதான் பெரிய எண்கள் எல்லாம் அடுக்குகளிலிருந்து வருகின்றன. 2001-ல் நிக்கல் ஃபெரைட்டையும் பிஇசட்டி-யையும் பல அடுக்குகளாகச் சேர்த்துச் சுட்டதில், முன்பு சொன்ன அதே சென்டிமீட்டர், ஓர்ஸ்டெட் கணக்கில், 1,500 மில்லிவோல்ட் வரை போனார்கள். அதே ஆண்டு டெர்ஃபெனால்-டி (மிகப் பெரிய காந்தத்திரிபு உள்ள உலோகக் கலவை) தகடுகளுக்கு நடுவே பிஇசட்டி-யை ஒட்டி 4.68 வோல்ட் எடுத்தார்கள். சாதாரணமாகக் கலந்து சுட்ட வில்லையில் உங்களுக்குச் சில மில்லிவோல்ட் கிடைத்தாலே நல்ல தொடக்கம்.

சுடுவதற்கு முன் ஒட்டுங்கள்

இதுதான் பலர் தாண்டிப் போகும் படி. ஏற்கனவே மின்முனை பூசி, போலிங் செய்து விற்கப்படும் ஒரு மெல்லிய பிஇசட்டி தட்டையும், சில செவ்வக நிக்கல் தகடுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். நிக்கல் நல்ல காந்தத்திரிபு உள்ள உலோகம், விலையும் குறைவு. இரண்டு பரப்பையும் ஆல்கஹாலால் துடைத்து, எபாக்சியை மிக மெல்லிய படலமாகத் தடவி, தட்டின் இரு பக்கமும் நிக்கலை ஒட்டி, மேலே எடை வைத்து அறைவெப்பநிலையிலேயே இறுகவிடுங்கள். எபாக்சி தடித்தால் திரிபு அதற்குள்ளேயே அமுங்கிப் போகும், அதனால் கசிந்து வெளியே வருவது வரட்டும் என்று நன்றாக அழுத்துங்கள். புலத்தைத் தட்டின் நீளவாக்கில் கொடுத்தால் காந்தநீக்கப் புலமும் (காந்தமாகும் தகடு தனக்குள்ளேயே உண்டாக்கும் எதிர்ப்புலம்) குறைவாக இருக்கும்.

இந்த அடுக்கு கலப்பு வில்லையைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வலுவான சமிக்ஞை தரும். அளக்கும் அமைப்பில் எது சரி, எது தவறு என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. அமைப்பை ஒவ்வொரு முறை கலைத்துப் பூட்டும்போதும் முதலில் இந்த அடுக்கை அளந்து, பழைய எண்ணே வருகிறதா என்று பாருங்கள்.

பொடி தயாரிப்பு

20 கிராம் பேரியம் டைட்டனேட்டுக்கு 16.93 கிராம் பேரியம் கார்பனேட்டும் 6.85 கிராம் டைட்டானியம் டையாக்சைடும் வேண்டும். மீதி கார்பன் டையாக்சைடாகப் போய்விடும். 10 கிராம் கோபால்ட் ஃபெரைட்டுக்கு 3.42 கிராம் கோபால்ட் ஆக்சைடு, அதாவது மூன்று கோபால்ட்டுக்கு நான்கு ஆக்சிஜன் உள்ள கறுப்பு வகை, கூடவே 6.81 கிராம் இரும்பு ஆக்சைடு. கார்பனேட்டும் ஆக்சைடும் ஈரம் இழுத்திருக்கலாம், எடை போடுவதற்கு முன் 150 முதல் 200 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்துங்கள். பேரியம் கார்பனேட்டும் கோபால்ட் ஆக்சைடும் உடலுக்குள் போகக் கூடாதவை. கையுறையும் தூசி முகமூடியும் இல்லாமல் அந்தப் புட்டிகளைத் திறக்க வேண்டாம்.

இரண்டையும் தனித்தனியாகவே செய்யுங்கள். ஒவ்வொன்றையும் சிர்க்கோனியா குண்டுகளோடு எத்தனால் அல்லது ஐசோப்ரொப்பனாலில் பால் மில்லில் அரைத்து, உலர்த்தி, அலுமினா கிண்ணத்தில் கால்சினேஷன் (பொடிகள் ஒன்றோடொன்று வினைபுரிய முதல் முறை சுடுவது). டைட்டனேட்டுக்கு 1,100 டிகிரி, ஃபெரைட்டுக்கு 1,000 டிகிரி அளவில் சில மணி நேரம் என்று தொடங்கலாம். பிறகு எக்ஸ்ஆர்டி பார்த்து, மிச்சமுள்ள கார்பனேட்டோ இரும்பு ஆக்சைடோ தெரிந்தால் மறுபடி அரைத்துச் சுடுங்கள். மிச்சத்தோடு அடுத்த படிக்குப் போனால் சின்டரிங்கின்போது (அழுத்திய வில்லையை இறுகச் சுடும்போது) அவை ஏதாவது வேண்டாத கட்டமாக மாறிக்கொள்ளும்.

இப்போது கலவை விகிதம். எல்லோரும் எடைச் சதவீதத்தில் பேசுவார்கள், நீங்கள் கன அளவிலும் கணக்கிடுங்கள். பேரியம் டைட்டனேட்டின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 6.02 கிராம், கோபால்ட் ஃபெரைட்டுடையது சுமார் 5.3. எடையில் 70க்கு 30 என்றால் ஃபெரைட் கன அளவில் 33 சதவீதம் ஆகிவிடுகிறது. துகள்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொடர் பாதை போடக்கூடிய இடம் அது. 80க்கு 20 என்றால் 22 சதவீதம். முதல் வில்லைக்கு 80க்கு 20 எடுங்கள். ஃபெரைட்டைக் கூட்டினால் காந்தம் கூடும், அதனால் விளைவும் கூடும் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் கசிவு அதைத் தின்றுவிடும். துகள் அளவும் முக்கியம்: ஃபெரைட் துகள் டைட்டனேட் துகளைவிட மிகச் சிறிதாக இருந்தால் அவை டைட்டனேட் துகள்களின் ஓரங்களில் வரிசைகட்டி இன்னும் குறைந்த விகிதத்திலேயே பாதை போட்டுவிடும்.

வில்லையும் சின்டரிங்கும்

கலந்த பொடியோடு 2 முதல் 3 சதவீதம் பாலிவினைல் ஆல்கஹால் கரைசலாகச் சேர்த்து, சல்லடையில் தேய்த்துக் குருணையாக்கி, 10 மில்லிமீட்டர் டையில் (அச்சில்) அழுத்துங்கள். 2 டன் போட்டால் சுமார் 250 மெகாபாஸ்கல் வரும், அது போதும். மேலும் அழுத்தினால் அடர்த்தி கூடாது, வில்லை தொப்பி மாதிரிக் கழன்று வரும். 600 டிகிரி வரை நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி வேகத்தில் ஏற்றி பைண்டரை, அதாவது அந்தப் பாலிவினைல் ஆல்கஹாலை, எரித்து வெளியேற்றுங்கள். இங்கே அவசரப்பட்டால் உள்ளே வாயு மாட்டிக்கொண்டு வெடிப்பு விடும்.

சின்டரிங் வெப்பநிலையில்தான் நிஜமான பேரம் இருக்கிறது. குறைவாகச் சுட்டால் துளைகள் மிஞ்சும். துளை திரிபைக் கடத்தாது. அதிகமாகச் சுட்டால் இரண்டு கட்டங்களும் ஒன்றோடொன்று வினைபுரியும்: பேரியம் இரும்போடு சேர்ந்து பேரியம் ஹெக்ஸாஃபெரைட் ஆகும், இரும்பு டைட்டனேட்டுக்குள் புகுந்து அதை அறுகோண வடிவத்துக்குத் தள்ளும்; அந்த வடிவம் நமக்கு எதற்கும் உதவாது. 1,150, 1,200, 1,250 டிகிரி என்று மூன்று வில்லைகளைச் சுட்டு ஒப்பிடுவதுதான் சரியான வழி, ஒரே வெப்பநிலையை யாரோ சொன்னார்கள் என்று நம்பிப் போகாதீர்கள், ஏனென்றால் உங்கள் பொடியின் நுண்மையும் உலையின் உண்மையான வெப்பநிலையும் வேறு. இறக்கும்போது மெதுவாக இறக்குங்கள். காற்றில் நிதானமாக ஆறினால் இழந்த ஆக்சிஜன் திரும்ப ஏறும், மின்தடையும் மேம்படும்.

போலிங்குக்கு முன் பார்க்க வேண்டியவை

எக்ஸ்ஆர்டி-யில், தாமிரக் கதிருக்கு, டைட்டனேட்டின் பெரிய உச்சி 31.5 டிகிரியை ஒட்டியும் ஃபெரைட்டின் பெரிய உச்சி 35.5 டிகிரியை ஒட்டியும் இருக்கும். 45 டிகிரி பக்கத்தில் டைட்டனேட்டின் உச்சி இரண்டாகப் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளந்திருந்தால் நாற்கோண வடிவம், ஃபெர்ரோ மின்தன்மை இருக்கிறது. 32, 34 டிகிரி பக்கங்களில் புதிதாக எதாவது முளைத்திருந்தால் ஹெக்ஸாஃபெரைட்டைச் சந்தேகப்படுங்கள்.

அடர்த்தியை ஆர்க்கிமிடீஸ் முறையில் எடுங்கள். 80க்கு 20 கலவைக்குக் கோட்பாட்டு அடர்த்தி சுமார் 5.86, அதில் 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போலிங்குக்கே போக வேண்டாம், துளைகளில் மின்பொறி பாயும். காந்தமாக்கத்தை அளக்க வசதி இருந்தால், கோபால்ட் ஃபெரைட் கிராமுக்கு 80 இஎம்யு-வை (காந்தத்தன்மையின் அலகு) ஒட்டித் தரும், அதில் ஐந்தில் ஒரு பங்கு உங்கள் வில்லையில் வர வேண்டும். நன்றாகக் குறைந்தால் இரும்பு எங்கேயோ போய்விட்டது என்று அர்த்தம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் மின்தடை. மின்தடை எண் 10 கோடி ஓம் சென்டிமீட்டர், மின்காப்பு மாறிலி 500 என்று வையுங்கள். இரண்டையும் வெற்றிடத்தின் உட்புகுதிறனோடு (பெர்மிட்டிவிட்டி) சேர்த்துப் பெருக்கினால் மின்னூட்டம் தங்கும் நேரம் 4.4 மில்லிநொடி. அதாவது 36 ஹெர்ட்ஸுக்குக் கீழே அளந்தால், திரிபு உண்டாக்கிய மின்னூட்டம் நீங்கள் படிப்பதற்குள் வில்லைக்குள்ளேயே கசிந்துவிடும். இந்தக் கணக்கை உங்கள் வில்லைக்குப் போட்டுப் பார்த்த பிறகே அளக்கும் அதிர்வெண்ணை முடிவு செய்யுங்கள்.

போலிங்

வில்லையை 1 மில்லிமீட்டருக்குத் தேய்த்து, இரு முகத்திலும் வெள்ளிப் பசை பூசிச் சுட்டு ஒட்டவையுங்கள். விளிம்பில் பசை வழியக் கூடாது, ஓரத்தில் சுற்றிலும் சிறிது இடம் விடுங்கள். சிலிக்கோன் எண்ணெயில் 120 டிகிரியைக் கொஞ்சம் தாண்டும் வரை சூடாக்கி, மின்புலம் கொடுத்து, புலத்தை விடாமலே அறைவெப்பநிலைக்கு ஆறவிடுங்கள். சுத்தமான டைட்டனேட் மில்லிமீட்டருக்கு 2 கிலோவோல்ட் தாங்கும், கலப்பு வில்லை பெரும்பாலும் அதில் பாதியைக்கூடத் தாங்காது. மின்னோட்டத்தைப் பார்த்துக்கொண்டே படிப்படியாக ஏற்றுங்கள், மின்னோட்டம் நிற்காமல் ஏறத் தொடங்கினால் அதோடு நிறுத்துங்கள். சூடான எண்ணெயும் உயர் மின்னழுத்தமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. தனியாக இருக்கும்போது இந்த வேலையைச் செய்யாதீர்கள், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் முனைகளைப் புவியோடு இணைத்துவிட்டே கை வையுங்கள். முடிந்ததும் இரு முகத்தையும் குறுக்கிணைத்து ஒரு நாள் விட்டு, பீசோ மீட்டரில் எண்ணைப் பாருங்கள். அங்கே எதுவும் காட்டாத வில்லை காந்தப்புலத்திலும் எதுவும் காட்டாது.

அளக்கும் அமைப்பு

வேண்டியவை: பின்னணிப் புலத்துக்கு மின்காந்தம் அல்லது நிலைகாந்தங்கள், மாறுதிசைப் புலத்துக்கு ஒரு ஜோடி ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள், பின்னணிப் புலத்தை அளக்க ஹால் ஆய்முனை, லாக்-இன் ஆம்ப்ளிஃபயர் (குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் வரும் சமிக்ஞையை மட்டும் பிரித்தெடுக்கும் கருவி). 3 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒவ்வொன்றுக்கும் 100 சுற்று போட்டால் 33 மில்லிஆம்பியருக்கு 1 ஓர்ஸ்டெட் கிடைக்கும். ஆனால் சுருளை மின்காந்தத்தின் இரும்பு முனைகளுக்கு நடுவே வைத்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது, இரும்பு அந்தப் புலத்தையும் மாற்றிவிடும். அதனால் வில்லை இருக்கப் போகும் இடத்திலேயே, அதே அதிர்வெண்ணில், ஒரு சிறிய தேடு சுருளால் அளந்துகொள்ளுங்கள்.

காந்தமின் குணகம் என்பது மின்னழுத்தத்தை வில்லையின் தடிமனாலும் மாறுதிசைப் புலத்தின் அளவாலும் வகுத்தால் வருவது, அவ்வளவுதான். 1 மில்லிமீட்டர் வில்லையில் 1 ஓர்ஸ்டெட்டுக்கு 0.1 மில்லிவோல்ட் வந்தால், சென்டிமீட்டருக்கு ஓர்ஸ்டெட்டுக்கு 1 மில்லிவோல்ட். 1 கிலோஹெர்ட்ஸில் தொடங்குவது வசதி.

கேபிளைக் கவனியுங்கள். 10 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் தடிமன், மாறிலி 500 என்றால் வில்லையின் மின்தேக்கம் 350 பிக்கோஃபாரட் அளவில் இருக்கும். ஒரு மீட்டர் கோஆக்ஸ் கேபிள் 100 பிக்கோஃபாரட் சேர்க்கும், உங்கள் மின்னழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போயிற்று. கேபிளைக் குட்டையாக வையுங்கள், இல்லையென்றால் சார்ஜ் ஆம்ப்ளிஃபயர் பயன்படுத்துங்கள்.

வில்லையை இறுக்கிப் பிடிக்காதீர்கள். இறுக்கினால் திரிபு அடைபடும். அதற்காக ஆடவும் விடக் கூடாது: காந்தத்தன்மை உள்ள வில்லையை மாறுதிசைப் புலம் பிடித்து உலுக்கும், அந்த உலுக்கலே பீசோ மின்னழுத்தமாகப் பதிவாகும். மென்மையான நுரைப்பஞ்சுக்கு நடுவே, மெல்லிய கம்பிகளோடு வைப்பது நல்லது. பிடிக்கும் முறையை மாற்றினால் எண் மாறுகிறது என்றால் அந்த எண்ணை இன்னும் நம்ப வேண்டாம்.

பொய்ச் சமிக்ஞைகள்

இந்தப் பகுதியைத்தான் நீங்கள் இரண்டு முறை படிக்க வேண்டும்.

முதல் எதிரி ஃபாரடே தூண்டல். வில்லைக்குப் போகும் இரண்டு கம்பிகளும் சேர்ந்து ஒரு வளையம், மாறுதிசைப் புலம் அதன் வழியே போனால் மின்னழுத்தம் பிறக்கும். வளையத்தின் பரப்பு ஒரே ஒரு சதுர சென்டிமீட்டர், புலம் 1 ஓர்ஸ்டெட், அதிர்வெண் 1 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால் 63 மைக்ரோவோல்ட் வரும். மேலே சொன்ன வில்லையின் உண்மையான சமிக்ஞை 100 மைக்ரோவோல்ட். இரண்டும் ஒரே வரிசையில் இருக்கின்றன! வில்லையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் கருவி அழகான ஓர் எண்ணைக் காட்டும் என்பது இப்போது புரிந்திருக்கும். கம்பிகளை வில்லை வரை முறுக்கிக் கொண்டுபோங்கள், வளையம் புலத்துக்கு இணையாக இருக்கும்படி திருப்புங்கள். இதெல்லாம் குறைக்கும், ஒழிக்காது. ஆகவே சோதித்துப் பார்க்க வேண்டும்.

அதிர்வெண்ணை இரட்டிப்பாக்குங்கள். சமிக்ஞையும் இரட்டிப்பானால் அது தூண்டல், ஏனென்றால் உண்மையான காந்தமின் சமிக்ஞை, கசிவு எல்லைக்கு மேலேயும் ஒத்ததிர்வுக்கு வெகு கீழேயும், அதிர்வெண்ணோடு பெரிதாக மாறாது. அடுத்து, பின்னணிப் புலத்தைத் திருப்புங்கள். கம்பி வளையத்தின் தூண்டலுக்குப் பின்னணிப் புலம் எந்தத் திசையில் இருந்தாலும் கவலை இல்லை, உண்மையான சமிக்ஞையின் கட்டமோ (ஃபேஸ், அலையின் நிலை) 180 டிகிரி திரும்பும். ஆகவே வெறும் அளவை மட்டும் பதிவு செய்யாமல் லாக்-இன் தரும் இரண்டு கூறுகளையும் எப்போதும் பதிவு செய்யுங்கள், கட்டம் தெரியாத எண்ணால் இங்கே எதையும் நிரூபிக்க முடியாது. மாறுதிசைப் புலத்தைக் கூட்டிக் குறைத்து நேர்விகிதத்தில் போகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு போலிங்கோடு விளையாடுங்கள். போலிங் செய்யாத வில்லை கிட்டத்தட்ட ஒன்றும் காட்டக் கூடாது. எதிர்த்திசையில் போலிங் செய்தால் குறி மாற வேண்டும். கடைசியாக, பேரியம் டைட்டனேட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் கைம்மாறு: அளந்து முடித்த வில்லையை 150 டிகிரிக்குச் சூடாக்கி, மின்புலம் இல்லாமல் ஆறவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். கோபால்ட் ஃபெரைட்டின் கியூரி வெப்பநிலை 520 டிகிரி, அதனால் காந்தப் பக்கம் அப்படியே இருக்கும். போலிங் மட்டும் அழிந்திருக்கும். சமிக்ஞையும் அதோடு மறைந்தால் அது திரிபு வழியாக வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். மறையாமல் எது மிஞ்சுகிறதோ அது உங்கள் அமைப்பின் பொய், அதைக் கழித்துவிடுங்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு சோதனை இல்லாத அளவீட்டை முடிந்த அளவீடாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு பொறி: காந்தப்புலத்தில் மின்தேக்கம் மாறுகிறது, ஆகவே பிணைப்பு இருக்கிறது என்ற வாதம். கசிவுள்ள கலவையில், மின்தடை காந்தப்புலத்தோடு மாறினாலே போதும், துகள் எல்லைகளில் தேங்கும் மின்னூட்டம் வழியாக மின்தேக்கமும் மாறித் தெரியும். 2006-லேயே இதைக் கோட்பாட்டோடு விளக்கிக் காட்டிவிட்டார்கள். மின்தேக்க அளவீடு துணைக்கு இருக்கட்டும், சாட்சியாக அதை முன்னிறுத்த வேண்டாம். மின்முனைவு வளையமும் (மின்புலத்தை ஏற்றி இறக்கும்போது மின்முனைவு மாறும் வரைபடம்) அப்படித்தான்: மூலைகள் கூராகச் செறிவடையாமல் உருண்டு திரண்டு வந்தால் அது பெரும்பாலும் கசிவு, ஃபெர்ரோ மின்தன்மை என்று எழுதிவிடாதீர்கள்.

வளைவரையைப் படிப்பது

பின்னணிப் புலத்தைப் படிப்படியாக ஏற்றி குணகத்தை வரையுங்கள். பூஜ்ஜியத்தில் சிறியதாகத் தொடங்கி, ஏறி, உச்சம் தொட்டு, செறிவை நெருங்கும்போது இறங்க வேண்டும். கோபால்ட் ஃபெரைட் வில்லையில் பூஜ்ஜியப் புலத்திலும் கொஞ்சம் மிஞ்சலாம். எஞ்சிய காந்தமாக்கமே பின்னணிப் புலத்தின் வேலையைச் செய்வதால் அப்படி. புலத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் வரும் வளைவரைகளும் பிரிந்து நிற்கும், அது சரியான அறிகுறிதான். உச்சமே இல்லாமல் கிடைமட்டக் கோடாக வந்தால் தூண்டலை இன்னும் ஒழிக்கவில்லை என்று அர்த்தம்.

அதிர்வெண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் சில நூறு கிலோஹெர்ட்ஸில் இந்த அளவு வில்லை ஒத்ததிர்வுக்கு வரும், அங்கே எண் பல மடங்கு துள்ளும். அந்த எண்ணையும் தாழ் அதிர்வெண் எண்ணையும் ஒரே அட்டவணையில் ஒப்பிடாதீர்கள். ஒட்டிய அடுக்குகளில் தடிமன் என்று எதை எடுத்தீர்கள், மொத்தத் தடிமனா பீசோ தட்டு மட்டுமா என்பதையும் எழுதுங்கள், இரண்டும் ஒரே மின்னழுத்தத்துக்கு வேறு வேறு குணகம் தரும். குறிப்பேட்டில் ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் அதிர்வெண், மாறுதிசைப் புலத்தின் அளவு உச்ச மதிப்பா சராசரி வர்க்க மூலமா, பின்னணிப் புலம், போலிங் திசைக்கு இணையா குறுக்கா, போலிங் நிபந்தனை, எத்தனை நாள் கழித்து அளந்தது எல்லாம் இருக்கட்டும்.

அடுத்த வில்லையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் சின்டரிங் வெப்பநிலை, அடுத்து ஃபெரைட் விகிதம் 15, 20, 25 என்று. நிக்கல் ஃபெரைட்டுக்கு மாறுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கலப்பு வில்லையில் எண் எவ்வளவு தள்ளியும் ஏறவில்லை என்றால், அதே இரண்டு பொடிகளையும் மூன்று அடுக்காக, நடுவில் டைட்டனேட் இருக்கும்படி ஒரே டையில் அழுத்திச் சுட்டுப் பாருங்கள். சுருங்கும் வேகம் வேறு வேறு என்பதால் முதல் சில வில்லைகள் அடுக்குக்கு அடுக்கு பிரிந்து வரலாம், சூடேற்றும் வேகத்தைக் குறைத்தும் இரண்டு பொடிகளின் நுண்மையை நெருக்கமாக்கியும் சரிசெய்யலாம். பிரியாமல் வந்த முதல் அடுக்கிலேயே கசிவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை மின்தடை மீட்டர் காட்டிவிடும்.